எரிமலைக்குப் பிறகு வரைந்த பேய்க்கணவாய்

ஒலிவ மரக்கிளை ஒன்றின் வயது தெரிந்துவிட்டது. சந்தொரினித் தீவின் எரிமலைச் சாம்பலுக்குள் நின்றபடியே புதையுண்ட கிளை அது. இந்த வசந்தத்தில் அமெரிக்க அறிவியல் சஞ்சிகை ஒன்றில் வந்த ஆய்வுக் கட்டுரை, கிளையின் கரிமத்தை அளந்து, எரிமலை வெடித்தது கிறிஸ்துவுக்கு முன் பதினேழாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் என்று சொல்கிறது. எகிப்திய அரசர்களின் காலக்கணக்கோடு பொருத்தித் தொல்லியலாளர்கள் சொல்லிவந்த காலத்தை விட இது ஏறக்குறைய நூறு ஆண்டு முந்தியது. முதலில் நோர்வேஜியப் பத்திரிகையின் உள்பக்கத்தில் சிறு செய்தியாகப் பார்த்தேன். பிறகு நூலகத்துக்குப் போய் மூலக் கட்டுரையையும் வாசித்தேன். வாசிக்காமல் உமக்கு எழுதினால் நீர் கேட்கும் முதல் கேள்வி எனக்குத் தெரியும்: "ஆர் சொன்னது? எங்கை வந்தது?"

பத்திரிகையைக் குசினி மேசையில்தான் விரித்திருந்தேன். பக்கத்தில் உம்முடைய சாடி இருந்தது. உம்முடைய இறுதிக் காரியங்கள் முடிந்த பிறகு உம்முடைய கணவர் கொண்டுவந்து தந்தார். கிரீட் தீவிலிருந்து நீர் வாங்கிவந்த மலிவுப் பிரதி அது. வயிறு முழுக்க ஒரு பேய்க்கணவாய், எட்டுக் கைகளையும் விரித்துக்கொண்டு, இரண்டு உருண்டைக் கண்களால் பார்க்கிறது. நீர் அதில் செத்தல் மிளகாய் போட்டு வைத்திருந்தீர். இரண்டு தரம் கழுவியும் அந்த மணம் போகவில்லை.

அந்தப் பயணத்தை நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும். இரண்டாயிரத்து இரண்டாம் ஆண்டு இலையுதிர்காலம். வைத்தியசாலை ஆய்வுகூடத்தில் உம்மோடு இரத்த மாதிரி பார்க்கிற நோர்வேஜியப் பெண்கள், குளிர் இறங்குமுன் ஒரு கிழமை வெயில் காய்ந்து வருவோம் என்று கிரீட்டுக்கு மலிவு விமானச்சீட்டு எடுத்தார்கள். உம்மையும் விடவில்லை. போய் இறங்கிய மறுநாள் எனக்குத் தொலைபேசி எடுத்தீர்.

"எல்லாரும் கடற்கரையிலை எண்ணெய் பூசிக்கொண்டு கிடக்கினம். என்னையும் வந்து படு எண்டினம். வெயிலிலை காயப்போட நான் என்ன பனங்கிழங்குப் புழுக்கொடியலோ?"

"அப்ப என்ன செய்யப் போறீர்?"

"பஸ் ஒண்டு நிக்குது. ஏதோ பழைய அரண்மனைக்காம். நிழல் இருக்கும்தானே."

நிழல் தேடித்தான் நீர் குனோசஸ் அரண்மனைக்குப் போனீர். திரும்பி வந்தபோது பெட்டியில் சாடியும், மண்டையில் நாலாயிரம் வருசமும் இருந்தன. ஒஸ்லோவின் ஓரத்தில், புருசெத்தில் உங்கள் வீட்டுக் குசினியில் தேத்தண்ணீர் ஊற்றும்போது கூட அந்த அரண்மனையைக் கட்டிய மக்களைப் பற்றித்தான் கதை. மினோவர்கள் என்பது பின்னாளில் தோண்டியவர்கள் வைத்த பெயர். தங்களை அவர்கள் என்ன பெயரால் அழைத்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆள் உயரச் சாடிகளில் எண்ணெயும் வைனும் தானியமும் சேர்த்து வைத்தார்கள். கம்பளித் துணியைக் கப்பலில் ஏற்றினார்கள். சைப்பிரசிலிருந்து செப்பும், கிழக்கிலிருந்து யானைத் தந்தமும் வாங்கினார்கள். எகிப்தியக் கல்லறைச் சுவர்களில், கிண்ணங்களும் சாடிகளும் சுமந்து வரும் தீவு மனிதர்களின் ஓவியம் இருக்கிறது. அவர்களுடைய சொந்தச் சுவர்களிலோ டொல்பின்களும், காளைமேல் குட்டிக்கரணம் போடும் இளசுகளும், குங்குமப்பூக் கொய்யும் பெண்களும். இவ்வளவையும் சொல்லிவிட்டுக் கடைசியில் எப்போதும் அதையே சொல்வீர்: "இவ்வளவு வைச்சிருந்தவை, சுத்திவரப் பெரிய மதில் ஒண்டு கட்டேல்லையப்பா."

நான் செய்தி வாசித்த சனிக்கிழமைத் தமிழ் வானொலி நிகழ்ச்சியில் இதைப் பேசும்படி உம்மை இழுத்து வந்தது நான்தான். கிழமைக்குப் பத்து நிமிடம். அடுத்த குளிர்காலம் அது. இலங்கையில் போர்நிறுத்தம் நடப்பில் இருந்தது, பேச்சுவார்த்தைக்கு நடுநிலையாளர் நாங்கள் இருந்த இதே நாடு. ஒஸ்லோத் தமிழர் அந்த நாட்களில் எதைக் கேட்டாலும் அதற்குள் இன்னொன்று ஒளிந்திருக்கிறது என்றே கேட்டார்கள். காலநிலை அறிவிப்பில் புயல் என்றாலும் யாரைச் சொல்கிறான் என்று யோசித்தார்கள்.

இது எனக்கு முன்பே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. மதில் இல்லாத அரண்மனையைப் பற்றி நீர் பேசி முடிக்கவும் தொலைபேசி அடித்தது. லில்லெஸ்ட்ரோமிலிருந்து ஒருவர்.

"அக்கா, மதில் இல்லாட்டி இதுதான் நிலைமை எண்டு நல்லாச் சொன்னியள். விளங்கவேண்டிய ஆக்களுக்கு விளங்கும்."

"நான் கிரீட்டைப் பற்றிக் கதைக்கிறன் தம்பி."

"ஓம் ஓம். கிரீட்டைப் பற்றித்தான்," என்று சிரித்துவிட்டு வைத்தார்.

அடுத்தவர் புருசெத்திலிருந்தே. அவருக்கு நேர் எதிராக விளங்கியிருந்தது. "மதில் இல்லாமலே எத்தினை நூற்றாண்டு நல்லாய் இருந்தவை எண்டு சொல்லுறியள். சமாதானத்தைத்தானே சொல்லுறியள்? துணிவான பொம்பிளை நீங்கள்."

நீர் ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு என்னைப் பார்த்தீர். "ஒரு பேச்சிலை இரண்டு கட்சியிலையும் சேர்த்துப்போட்டாங்கள்."

மூன்றாவது அழைப்பு, கணினி நிறுவனம் ஒன்றில் வேலைக்கு வந்திருந்த கோயம்புத்தூர்ப் பையனுடையது. "மேடம், அவங்க எழுத்தை இன்னும் யாரும் படிக்கலைன்னு சொன்னீங்களே. எனக்கு என்னமோ அது தமிழாத்தான் இருக்கும்னு தோணுது."

"படிக்கத் தெரியாத எழுத்தைத் தமிழ் எண்டும் சொல்லலாம், நோர்வேஜியன் எண்டும் சொல்லலாம் தம்பி. அது மறுத்துக் கதைக்காது."

"செம மேடம்!" என்றான் அவன். அவனுக்குக் கோபமே வரவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு சனியும் அழைத்தான்.

ஆனால் கிழமைகள் போகப் போகச் சிரிப்பு குறைந்தது. நீர் இன்னும் சொல்லாமல் வைத்திருந்தது மினோவர்களின் முடிவு. அதை எப்படிச் சொல்லப்போகிறீர் என்று கடையிலும் கோயிலிலும் நிலக்கீழ் ரயிலிலும் தமிழர்கள் கதைத்தார்கள். நிகழ்ச்சிப் பொறுப்பாளர் நல்ல மனிதர், அது உமக்கும் தெரியும். அவருக்கு எல்லாப் பக்கத்திலிருந்தும் அழைப்பு வந்திருக்கும். கடைசிப் பேச்சுக்கு முந்திய சனிக்கிழமை, நீர் குளிரங்கியை மாட்டிக்கொண்டிருந்தபோது வந்து நின்றார்.

"பிள்ளை, சனம் குழம்புது. கடைசியிலை ஒரு முடிவைச் சொல்லி முடிச்சுவிடும்."

"என்ன முடிவு அண்ணை?"

"வெளியிலையிருந்து வந்தவன் அழிச்சான் எண்டு சொல்லுமன். அப்பிடியும் ஒரு கருத்து இருக்குத்தானே?"

"இருக்கு. அப்பிடியும் ஒரு கருத்து இருக்கு எண்டு சொல்லுறன்."

"அது முடிவில்லையே, பிள்ளை."

"முடிவு தெரியாதே, அண்ணை."

"தெரியாது எண்டு சொல்லுறதுக்கு ஒரு ரேடியோ வேணுமோ? அப்ப அந்தப் பத்து நிமிசத்துக்குப் பாட்டுத்தான் போடவேணும்."

நீர் கழுத்துத் துணியைச் சுற்றிக்கொண்டே, "நல்ல பாட்டாப் போடுங்கோ," என்றீர்.

அன்று புருசெத்துக்கு ஒன்றாகத்தான் ரயிலில் போனோம். சுரங்கத்தை விட்டு ரயில் வெளியே வந்த பிறகுதான் உம்முடைய தம்பியைப் பற்றிச் சொன்னீர். ஒரு தம்பி காணாமல் போனவர் என்பது எனக்குத் தெரியும். அதற்கு மேல் நான் கேட்டதில்லை, நீர் சொன்னதுமில்லை. தொண்ணூறுகளில் ஒரு நாள் காலை யாழ்ப்பாணத்தில் பஸ் ஏறியவர். இறங்கியதை யாரும் பார்க்கவில்லை. வீட்டில் அம்மாவும் உறவினரும் ஆண்டுதோறும் ஒரே கேள்வியைத்தான் தொலைபேசியில் கேட்டார்கள். இறந்த நாள் தெரியாவிட்டால் திதி இல்லை, திதி இல்லாவிட்டால் திவசம் இல்லை. அதனால் பொதுவாக ஆடி அமாவாசையை வைத்துச் செய்து முடித்துவிடலாம் என்று ஐயர் வழி சொல்லியிருந்தார். மூத்தவள் நீர் ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். நீர் சொல்லவில்லை.

"இரத்தம் காணாட்டி நாங்கள் என்ன செய்யிறது தெரியுமே?" என்று கேட்டீர். "மாதிரி போதாது எண்டு எழுதி அனுப்புவம். டொக்டர் போன் எடுத்துக் கத்துவார், உத்தேசமா ஒண்டு சொல்லும் எண்டு. சொல்லமாட்டம். அதுவும் ஒரு றிசல்ட்தான். தம்பிக்கும் நான் அதைத்தான் எழுதி வைச்சிருக்கிறன். ரேடியோவிலை மாத்திச் சொன்னால், வீட்டிலை கேக்கிறவைக்கு நான் என்னெண்டு ஓம் சொல்லாமல் இருக்கிறது?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது, நீர் பத்து நிமிட நேரத்துக்காக வாதாடவில்லை என்று. அடுத்த சனி பொறுப்பாளரிடம் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "ஒவ்வொரு கிழமையும் செய்தியிலை உறுதிப்படுத்தப்படவில்லை, உறுதிப்படுத்தப்படவில்லை எண்டு வாசிக்கிறன். அந்த இடத்திலை எல்லாம் பாட்டோ போடுறியள்?" அவர், "இரண்டு பேரும் சேர்ந்து என்னைச் சாக்காட்டப் போறியள்," என்று சொல்லிக்கொண்டு கலையகக் கதவைத் திறந்துவிட்டார்.

அந்தப் பேச்சு என்னிடம் ஒலிநாடாவில் இருக்கிறது.  சந்தொரினியில் சாம்பலுக்குக் கீழே முழு ஊரே கிடைத்திருக்கிறது என்று தொடங்குகிறீர். மாடி வீடுகள், சாடிகள், சுவரோவியங்கள் எல்லாம் கிடைத்தன. தோண்டிய வரைக்கும் எரிமலையில் இறந்த ஒருவரின் உடல்கூட அங்கே கிடைக்கவில்லை. நிலம் அதிர்ந்ததும் சனம் ஊரை விட்டு வெளியேறியிருக்க வேண்டும். பிறகு உம்முடைய வார்த்தைகள் இப்படி:

"எங்கை போனவை? தெரியாது. தப்பினவையோ, கடலிலை போச்சினமோ, தெரியாது. கிரீட்டிலை இருந்தவை அந்த எரிமலையோடை அழிஞ்சவை எண்டு கனபேர் நினைக்கினம். அப்பிடி இல்லை. அதுக்குப் பிறகும் அவை கனகாலம் இருந்தவை. நான் சொன்னன் எல்லோ, பேய்க்கணவாய் போட்ட சாடி, அவையின்ரை வேலையிலை ஆக வடிவானது அதுதான். அது எரிமலைக்குப் பிறகு செய்தது. பேந்து அரண்மனையள் எரிஞ்சது. எரிச்சது ஆர்? கிரேக்க நாட்டிலையிருந்து வந்தவையோ, தங்களுக்குள்ளை சண்டையோ, நிலநடுக்கமோ? ஆளுக்கொரு கருத்து இருக்கு. பிறகு அதே குனோசஸிலை கணக்கு எழுதினது கிரேக்க மொழியிலை. மொழி மாறினது தெரியும். என்னெண்டு மாறினது எண்டு தெரியாது. தெரியாததை நான் உங்களுக்குத் தெரிஞ்ச மாதிரிச் சொல்ல ஏலாது. இவ்வளவுதான்."

அதற்குப் பிறகு தொலைபேசி அடிக்கவில்லை. கோயம்புத்தூர்ப் பையன்கூட அழைக்கவில்லை. பொறுப்பாளர் பாட்டுக்குக் கையை நீட்டும்போதுதான் ஒரு அழைப்பு வந்தது. ஹவுகெட்டோவிலிருந்து வயதான ஒரு அம்மா. வானொலியில் கதைத்துப் பழக்கமில்லாத குரல்.

"பிள்ளை, தெரியாது எண்டு ரேடியோவிலை சொல்லலாமோ?"

"சொல்லலாம் அம்மா."

"ஒருத்தரும் ஏசமாட்டினமோ?"

"ஏசுவினம். ஏசினாப்போலை தெரிஞ்சிடுமே அம்மா?"

அந்த அம்மா சிரித்தார். பிறகு, "என்ரை மூத்தவன் எங்கை எண்டு கேக்கிற ஆக்களுக்கு ஒவ்வொரு நாளும் ஒவ்வொண்டு சொல்லிக் களைச்சுப்போனன்," என்றார். "இந்தியாவிலை நிக்கிறான் எண்டும் சொல்லியிருக்கிறன். இனி நீர் சொன்ன மாதிரியே சொல்லுறன், பிள்ளை. வைக்கட்டே?"

நீர் பதில் சொல்லுமுன் வைத்துவிட்டார். பொறுப்பாளர் பாட்டைப் போட்டுவிட்டு வெளியே போனார். மறுநாள் லில்லெஸ்ட்ரோம்காரர் எனக்கு எடுத்து, "அக்கா கடைசியிலை நழுவிப்போட்டா," என்று குறைப்பட்டார். தெரியாததைத் தெரியாது என்பது நழுவல் அல்ல என்று சொன்னேன். அவருக்கு அது விளங்கவில்லை. எனக்கு அவரோடு கோபமும் இல்லை. அவர் வீட்டிலும் யாரையோ பற்றிய ஒரு பதிலுக்குக் காத்திருந்திருப்பார்கள்.

கடந்த கார்த்திகையில், உம்முடைய நோய் முற்றிய பிறகு, வைத்தியசாலைக் கட்டிலில் இருந்தும் நீர் கேட்டது பரிசோதனை முடிவுகளைத்தான். தாதியிடம் அல்ல, உம்முடைய பழைய ஆய்வுகூடத்துக்கே நேரே தொலைபேசி எடுத்தீர். "என்ரை மாதிரி போதுமாம்," என்று சொல்லிச் சிரித்தீர்.  நான் உம்முடைய தோடம்பழத்தை உரித்துச் சுளை சுளையாகத் தட்டில் வைத்தேன்.

ஒலிவக் கிளையின் செய்தியைப் பார்த்ததும் எனக்கு உடனே தோன்றியதை இப்போது சொல்கிறேன். எரிமலை நூறு ஆண்டு முந்தியது என்றால், அதற்குப் பிறகும் கனகாலம் இருந்தார்கள் என்று நீர் வானொலியில் சொன்ன காலம் இன்னும் நீளக்கூடும். பேய்க்கணவாயை வரைந்த கைகளுக்கும் எரிந்த அரண்மனைகளுக்கும் இடையில் இன்னும் சில தலைமுறை நின்றிருக்கலாம். நீர் இதைக் கேட்டால் மகிழ்ந்திருப்பீர். உடனே, "அவசரப்படாதையும், மற்ற ஆக்கள் என்ன சொல்லுகினம்?" என்றும் கேட்டிருப்பீர். மற்றவர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. எகிப்தியக் காலக்கணக்கை நம்புகிறவர்கள் ஒரு கிளையை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது என்கிறார்கள். இந்த வாதம் எப்போது தீரும் என்று எவரும் நாள் குறிக்கவில்லை.

போன ஞாயிறு உம்முடைய கணவர் வந்திருந்தார். தேத்தண்ணீரைக் குடிக்காமல் கிண்ணத்தைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"அண்ணை, ஆடி அமாவாசை வருது. மாமி ஊரிலையிருந்து போன் எடுத்தவா. மகளும் போயிட்டாள், இனி ஆரைக் கேக்கிறது, தம்பியின்ரை பேரையும் சேர்த்துச் செய்வம் எண்டு அழுறா. உங்களைக் கேட்டுச் சொல்லுறன் எண்டு சொன்னன்."

"என்னை ஏன் கேக்கிறீர்?"

"அவ உங்களைத்தானே எழுதிக் குடுத்தவ."

அது எனக்கு முன்பே தெரியும். காணாமல் போனவர்களைத் தேடும் அலுவலகத்தில், உமக்குப் பிறகு தொடர்பு கொள்ளவேண்டிய ஆளாக என் பெயரைக் கொடுத்திருந்தீர். கேட்காமலே கொடுத்துவிட்டு, பிறகு கட்டிலில் இருந்து, "உறுதிப்படுத்தப்படவில்லை எண்டு சொல்லுறது உமக்குப் பழக்கமான வேலைதானே," என்றீர். வசந்தத்தில் நான் அவர்களுக்கு எழுதினேன். கோப்பை மீண்டும் பார்க்கிறோம், கோடை விடுமுறை முடிந்ததும் மறுமொழி தருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். ஆடி அமாவாசை அதற்கு முன்பே வந்துவிடும்.

"மறுமொழி வரட்டும்," என்றேன் உம்முடைய கணவரிடம்.

"அதிலையும் ஒண்டும் இல்லாட்டி?"

"இல்லாட்டி, தெரியாது எண்டு மாமிக்கு நானே போன் எடுத்துச் சொல்லுறன்."

அவர் தலையாட்டினார். தேத்தண்ணீரைக் குடித்தார். ஆறியிருக்கும்.

ஊரிலிருந்து இப்போது வரும் செய்திகள் நல்லவையாக இல்லை. மறுபடி போர் வந்து பாதைகள் பூட்டப்படும் என்கிறார்கள், அதுவும் உறுதியில்லை. உம்முடைய அம்மாவின் தொலைபேசி எண்ணை எழுதி வாங்கி வைத்திருக்கிறேன். அலுவலகத்தின் மறுமொழி ஓகஸ்ட் கடைசியில் வரவேண்டும். வராவிட்டால் செப்டெம்பரில் திரும்ப எழுதுவேன்.