வாடாத கடலை

தலவாக்கலை, இலங்கை
1936, ஆடி

மகளோட அப்பாவுக்கு,

உங்க காயிதம் வந்துச்சு. நாலு பக்கமும் கடலைச் செடிதான். நல்லா இருக்கியான்னு ஒரு வரி எழுத மை பத்தலையா?

திருச்சிப் பக்கம் மழை பொய்ச்சு, நீங்க வேலை பாக்குற பண்ணையில எல்லாச் செடியும் கருகினப்ப ஒண்ணு மட்டும் வாடாம நின்னுச்சு. சரி. அதோட விதையை இங்க அனுப்பி, "தண்ணி காட்டாம வளர்த்துப் பாரு"ன்னா என்னங்க அர்த்தம்? ஆடி பிறந்ததுலேருந்து எங்கப்பா கடைவாசல்ல போட்ட சாக்கு காயல. தீப்பெட்டிகூட நமுத்துப் போச்சு. விதையெல்லாம் பூசணம் பூத்துடுச்சு. அவரு பாத்துட்டு, "மாப்பிள்ளைக்கு இந்த ஊரு மழைகூட மறந்துபோச்சா?"ன்னு கேட்டாரு.

வாடாத குணம் தண்ணி ஊத்தாமப் பழக்குறதால வராது, தாய்ச்செடிகிட்டருந்து விதையிலயே வரும்னு எழுதியிருந்தீங்க. அதுலதான் எனக்குச் சந்தேகம்.

போன தீவாளி வரைக்கும் ரயில் சத்தம் கேட்டா அப்பா வந்துட்டாருன்னு மக வாசலுக்கு ஓடுவா. இப்பத் திரும்பிக்கூடப் பாக்குறதில்ல. அழுகையும் இல்ல. இது என்கிட்டருந்து வந்ததா, நீங்க பழக்கினதா? செடியைத் தெரிஞ்சவருதானே, நேர்ல வந்து பாத்துச் சொல்லுங்க.

இப்படிக்கு,
உங்க வீட்டுக்காரி