ரெகேக்காகப் போட்ட மொட்டை

நேற்று உன் மனைவி வெரிபீயில் என் வீட்டுக்கு வந்து உன்னுடைய செரிப்பழ நிறச் சப்பாத்துகளைத் தந்துவிட்டுப் போனாள். "அண்ணா, இதை உங்களிட்டக் குடுக்கச் சொன்னவர்," என்றாள். பொலிஷ் மணம் இன்னும் போகவில்லை. முகர்ந்ததும் அழுகை வரும் என்று நினைத்தேன், கோபம்தான் வந்தது மச்சான். செத்தவனோடு என்ன சண்டை என்று கேட்பாய். போடா.

பழைய ஜமெய்க்கா ரெகே இசைத்தட்டுகளை எனக்குக் காட்டியவன் நீ. ஒரு காலத்தில் லண்டனில் அந்தப் பாட்டுகளுக்குக் கறுப்புப் பொடியன்களும் வெள்ளைத் தொழிலாளி வீட்டுப் பொடியன்களும் ஒரே மண்டபத்தில் ஆடினார்கள், தலையை ஒட்ட வழித்து, களிசானை மடித்து, அதன் வாரைத் தோளில் கொழுவி, இதே நிறச் சப்பாத்துப் போட்டுத் திரிந்தார்கள் என்று கதை கதையாகச் சொன்னாய். அந்த மொட்டையையும் உடுப்பையும் பிறகு இனவெறியர்கள் தங்களுடையதாக்கியதைச் சொல்லும்போது பல்லைக் கடித்தாய். "அவங்கள் களவெடுத்ததை நாங்கள் திருப்பி எடுப்பம்." உன் வீட்டுக் குசினியில், உன் மெசினால், முதலில் என் தலையை வழித்தாய். பிறகு உன்னுடையதை. தகப்பன் உயிரோடிருக்கும் பிள்ளை நேர்த்திக்கடன் இல்லாமல் மொட்டை போட்டால் எங்கள் சனம் என்ன நினைக்கும் என்று இரண்டு மடையர்களுக்கும் உறைக்கவில்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை கேரம் டவுன்ஸ் கோயிலில் ஒரு அன்ரி, "என்ன தம்பிமார், நேர்த்தியோ?" என்று கேட்டார். நான் வாயைத் திறக்கமுன், "ஓம் அன்ரி, முருகனுக்கு," என்றாய். பிறகு என்னைக் காட்டி, "இவர் சும்மா ஸ்டைலுக்கு," என்று சிரித்தாய். பக்கத்தில், அதுவரை என்னுடையதும் நேர்த்திதான் என்று நினைத்திருந்த என் அம்மா நின்றார்.

"கொப்பர் இருக்கேக்க ஆருக்கடா மொட்டை போட்டனி?" என்று வீட்டில் அம்மா தலையில் அடித்துக்கொண்டார். "விடுமப்பா, பொடியனுக்கு நல்லாத்தான் கிடக்கு," என்றார் அப்பா.

என் முடி வளரமுன் அப்பா நெஞ்சுவலியில் போய்விட்டார். கிரியைக்கு மழிக்க என் தலையில் ஒன்றும் இருக்கவில்லை. "முதலே மொட்டை போட்டுத் தேப்பனை அனுப்பிப்போட்டான்!" என்று அம்மா சனத்துக்கு முன்னால் கத்தினார். நீ வேட்டியோடு என் தோளைப் பிடித்தபடி நின்றாய். 'நான்தான் அன்ரி வழிச்சனான், என்ரையும் நேர்த்தி இல்லை' என்று ஒரு வார்த்தை சொன்னாயா? அப்போதும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை. கேட்டால், "அன்ரி மறந்திருப்பா, விடு மச்சான்," என்பாய். மறக்கிற விசயமாடா அது? கோழை நீ. கோழையாக இருந்துகொண்டே என் ஒரே சிநேகிதனாகவும் இருந்தாய், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நீ போய்விட்டாய் என்று போன கிழமை அம்மாவிடம் சொன்னேன். விம்மி விம்மி அழுதார். "சாமிக்கு மொட்டை போட்ட பிள்ளையெல்லே, அவனுக்கு ஏன் இப்பிடி?" என்றார். இனி நான் எதைச் சொன்னாலும் செத்தவன்மேல் பழி போடுகிறேன் என்பார். நீ சொல்லியிருந்தால் நம்பியிருப்பார்.

அந்தப் பாட்டுகளை இன்றைக்கும் காரில் போட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போகிறேன். அவற்றை வெறுக்க முடியவில்லை, உன்னையும் முழுதாக வெறுக்க முடியவில்லை. வீட்டுக்கு வந்தால், அப்பாவின் சாவுக்கு நான்தான் காரணம் என்று நினைத்துக்கொண்டே அம்மா எனக்குச் சோறு போடுகிறார். நானும் வாயை மூடிக்கொண்டு சாப்பிடுகிறேன்.