உஸ்தாத் பெயர் விட்டுப்போன பக்கம்

சனத்நகர், ஹைதராபாத்
14-2-1979

சிரஞ்சீவி ரமணிக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. பெருமாள் கிருபையில் இங்கே சௌக்கியம். டில்லியில் குளிர் விட்டதா? அப்பாவுக்கு இந்த வாரம் முதல் ஷிப்ட். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது.

உன் ஆராய்ச்சிக் கட்டுரையின் டைப் பிரதியை, அரபுச் சொற்களைச் சரிபார்க்க, நீ சொன்னபடி உனக்குப் பாடம் சொன்ன மௌல்வி சாஹிபிடம் கொடுத்தேன். எட்டு இடத்தில் திருத்தியிருக்கிறார். நாற்பத்தோராம் பக்கத்தில் மட்டும் பென்சில் படவில்லை. ஒரு துண்டுக் காகிதம் வைத்திருந்தார்.

சந்தேகம் என்பது தொழுகைக்கு முன் கைகால் கழுவுவது போல. கழுவாமல் நிற்கவும் கூடாது, நாள் முழுக்கக் கழுவிக்கொண்டே இருக்கவும் கூடாது என்று அங்கே எழுதியிருக்கிறாய். அது மௌல்வி உனக்குச் சொன்னது. அவருக்கு அவருடைய குரு, உஸ்தாத் ஷம்சுத்தீன் சாஹிப் சொன்னது. கட்டுரையில் நீயே யோசித்துச் சொன்ன மாதிரி இருக்கிறது.

வாயால் கேட்டது ஆதாரமாகாது, புத்தகமும் பக்கமும் வேண்டும் என்று பேராசிரியர் சந்திரமோகன் பெயர்களை அடித்துவிட்டதாகப் போன கடிதத்தில் எழுதியிருந்தாய். அவர் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆளாளுக்கு யார் பெயரையாவது சொன்னால் படிப்பு என்ன ஆகும்? ஆனால் பெயர் போனபின் விளக்கம் மட்டும் எப்படி நின்றது? நீ எப்படி விட்டாய்?

மௌல்வி கோபிக்கவில்லை. "மேரா நாம் நக்கோ, அம்மா. மேரே உஸ்தாத் கா நாம் கஹா(ன்)?" என்று மட்டும் கேட்டார். தன் பெயர் வேண்டாமாம், உஸ்தாத் பெயர் எங்கே என்கிறார். தன் உஸ்தாத், அவருக்கு உஸ்தாத் என்று ஒன்பது பெயர் சொல்லாமல் அவர் ஒருநாளும் புத்தகத்தைத் திறந்ததில்லையே. நான் மட்டும் குருபரம்பரை சொல்லாமல் பாராயணம் தொடங்குவேனா?

உன்னிடம் சொல்லாதது ஒன்று இருக்கிறது. உன்னைத் தனியே அனுப்ப மனமில்லாமல் மூன்று வருஷம் பாடத்துக்குக் கூட வந்து, மௌல்வியின் சம்சாரத்தோடு பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தேன். கறிகாய்க் கணக்கு எழுதுகிறேன் என்று கேலி செய்வாய். தேதி, பக்கம், அவர் சொன்ன விளக்கம் எல்லாம் எழுதிக்கொண்டிருந்தேன். முதலில் பொழுதுபோகத்தான். இரண்டாம் வருஷம் எனக்கும் புரிய ஆரம்பித்தது.

அந்த நோட்டிலிருந்து 1974 மார்ச் 11, திங்கட்கிழமைப் பக்கத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். உஸ்தாத் பெயரும் அதில் இருக்கிறது. நான் படித்துக் காட்டியபின் மௌல்வி கீழே கையெழுத்துப் போட்டார். பேராசிரியர் கேட்ட எழுத்து இதுதான், அடிக்குறிப்பில் போடு. ஐந்தாம் வகுப்புப் படித்தவள் நோட்டு செல்லாது என்றால் விளக்கத்தையே எடுத்துவிடு. எடுத்தால் மூன்றாம் அத்தியாயம் நிற்காது என்று தெரியும். அகராதியை வைத்துக்கொண்டு உன் கட்டுரையை முழுக்கப் படித்தேன். பட்டம் ஒரு வருஷம் தள்ளிப்போனால் அப்பாவிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

இருபத்தெட்டாம் தேதி கட்டுரையைக் கொடுக்குமுன் ஒரு கடிதம் போடு. எனக்கு வேண்டாம், மௌல்விக்குப் போடு. அவருக்குக் கண் மங்கிவருகிறது, எழுத்துப் பெரிதாக இருக்கட்டும்.

தாயார் உன் கூடவே இருந்து நல்ல புத்தி கொடுக்கட்டும்.

உன் அம்மா,
செங்கமலம்