அந்தோணி பெயரில் கார் நிறுத்துமிடம் வேண்டாம்

என் ஆசை மச்சான் அந்தோணிக்கு,

உயிரோடு இருந்த உன்னை நான் கடைசியாகத் தொட்டது என் கைமுட்டியாலும் என் செருப்பாலும்தான். அந்த அசிங்கத்தோடுதான் இதைத் தொடங்க வேண்டியிருக்கிறது. நீ போய் எட்டு மாதம் ஆகிறது. கல்லறையில் மெழுகுவர்த்தி ஏற்றும்போதெல்லாம் நான் கட்டிக்கொண்ட உன் தங்கை ஜெசிந்தா என் பக்கத்தில் நிற்கிறாள். அவள் நிற்கையில் உன்னிடம் பேச எனக்கு வாய் வருவதில்லை. அதனால் எழுதுகிறேன். ஊரே படிக்கட்டும்.

முதலில் செய்தி. நம் தாமான் குடியிருப்பில் உன் பெயரை வைக்கப்போகிறார்கள். சாலைக்கோ மண்டபத்துக்கோ இல்லை, கார் நிறுத்துமிடத்துக்கு! பிள்ளைகள் பந்து விளையாடும் திடலை வெட்டித் தார் போட்டு, கோடு கிழித்து, 'அந்தோணி நினைவு கார் நிறுத்துமிடம்' என்று பலகை மாட்டுவார்களாம். பஸ் உள்ளே வந்து திரும்புவதற்கு நீ ஒரு மூலை கேட்டாயே, அதே திடல்தான். குடியிருப்போர் சங்கத் தலைவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினார். "காடி வைக்க எடமில்லாமத்தான் நம்ம அந்தோணி போய்ட்டாரு. இனிமே யாருக்கும் அப்படி ஆகக் கூடாது லா!" கூட்டம் கை தட்டியது. நானும் தட்டினேன், மச்சான்.

நாம் எதற்கு அடித்துக்கொண்டோம் என்று இதை வெளியூரில் படிப்பவர்களுக்குத் தெரியாது. இரும்பு ஆலைகளுக்குக் கார்பன் வரி வருகிறது, பெட்ரோல் மானியத்திலும் கை வைக்கிறார்கள் என்று செய்தி வந்த நாளிலிருந்து, கமால் பாய் கடையில் பசியாற உட்கார்ந்தாலே நமக்குள் சண்டைதான். புகை விடுகிறவன் காசு கட்டத்தான் வேண்டும் என்பாய் நீ. எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"நாம குடியிருந்த தோட்டத்த வித்தவன் எவன்? நம்மள கொண்டாந்து பஸ்ஸுகூட வராத இந்த மூலையில கொட்டினவன் எவன்? வேலைக்குப் போவணும்னா காடி, மருந்து வாங்கணும்னா காடி. இப்ப பொகைக்கு வரி நம்ம தலையிலயா?"

"நம்ம தலையில இல்ல மச்சான், ஆலைக்காரன் தலையில."

"ஆலைக்காரன் அத எவன் தலையில எறக்குவான்? நான் ஜெலாப்பாங்ல ஆலையிலதான வேல செய்யிறேன், எனக்குத் தெரியாதா?"

"அதுக்குத்தான் சொல்றேன், மொதல்ல பஸ்ஸ கேப்போம். பஸ்ஸு வந்துட்டா ஒரு வீட்டுக்கு மூணு காடி எதுக்கு லா?"

நாள் முழுக்கக் காருக்கு அடியில் படுத்துச் சம்பாதித்த மெக்கானிக் நீ. நீயே காரைக் குறை என்றால் எவன் கேட்பான்? "தன் வயித்துல தானே அடிச்சுக்கிறவங்களுக்கு ஒரு சங்கம் வெச்சா நம்ம அந்தோணிதான் தலைவரு" என்று கமால் பாய் கிண்டல் செய்வார். நீயும் சேர்ந்து சிரிப்பாய். அந்தச் சிரிப்பைக் கண்டால்தான் எனக்கு உடம்பெல்லாம் எரியும்.

பிறகு மண்டபத்தில் அந்தக் கூட்டம். சிறிய பஸ் உள்ளே வரவேண்டுமானால் நம் சந்தின் ஒரு பக்கம் யாரும் கார் வைக்கக் கூடாது என்று நீ மைக்கில் சொன்னாய். அவ்வளவுதான். "எறங்குடா கீழ!" என்று கத்தினார்கள். ஒருவன் தண்ணீர் போத்தலை உன் மேல் எறிந்தான். நீ மைக்கை விடவில்லை. என்னைக் கை காட்டி, "எங்க மச்சான் வீட்டு வாசல்லயே மூணு காடி நிக்கிது. அதுல ஒண்ணு ஓடவே ஓடாது, நான்தான் பாத்தேன்" என்றாய்.

எல்லாரும் சிரித்தார்கள். நாற்காலியை எட்டி உதைத்துவிட்டு மேடைக்கு ஏறினேன். முதல் குத்து உன் வாயில். இரண்டாவது உன் மூக்குக் கண்ணாடியில். சில்லு உன் புருவத்தைக் கிழித்து ரத்தம் கொட்டியது. நீ விழுந்த பிறகும் விடவில்லை, விலாவில் உதைத்தேன். நாலு பேர் என்னைப் பிடித்து இழுத்தும் இன்னொரு உதை விட்டேன். ஜெசிந்தா கதவருகே நின்று எல்லாவற்றையும் பார்த்தாள். வரிக்காக அடித்தேன் என்று ஊர் பேசியது. வரியாவது மண்ணாவது! ஊரார் முன்னால் என்னைப் பார்த்துச் சிரித்தாய், அதற்காக அடித்தேன்.

புருவத்தில் தையலோடு நீ வீடு வீடாகப் போய்ப் பஸ்ஸுக்காகக் கையெழுத்து வாங்கினாய். கால் முடியாத நாலு அக்காமார்களை உன் காரில் ஏற்றிக்கொண்டு, வியாழக்கிழமை மூன்று மணிக்கு அந்த மனுவைக் கொடுக்கப் போவதாக ஏற்பாடு. நாம் பேச்சு வார்த்தை இல்லாமல் இருந்த நேரம். ஜெசிந்தா வழியாக எனக்குத் தெரியவந்தது.

நம் சந்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. அடுத்த வீட்டுக் கேட்டை மறித்து வண்டி வைத்தால் கியரை நியூட்ரலில் விட்டு, ஹேண்ட் பிரேக்கை இறக்கிவிட்டுப் போகவேண்டும். அவசரப்பட்டவன் தள்ளிக்கொள்வான். வெட்டு குத்து வரைக்கும் போன குடும்பங்கள்கூட இதை மீறியதில்லை. அந்த வியாழக்கிழமை காலையில் என் காரை உன் கேட்டோடு ஒட்டி நிறுத்தினேன். கியரைப் போட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு பிரேக்கை முடிந்த மட்டும் மேலே இழுத்தேன். பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போய்விட்டேன்.

மத்தியானம் கைப்பேசியில் உன் பெயர் மூன்று தடவை வந்தது. கெஞ்சட்டும் என்று விட்டேன். பக்கத்து மெஷினில் நின்றவனிடம் காட்டிச் சிரித்தேன். மூன்றாவது தடவைக்குப் பிறகு கைப்பேசியை அணைத்தே வைத்துவிட்டேன். மச்சான், காரை எடு என்று சொல்லவா கூப்பிட்டாய்? நெஞ்சு வலிக்குது என்று சொல்லவா?

உனக்குச் சோறு கொண்டுவந்த ஜெசிந்தாதான் நீ தரையில் கிடப்பதைப் பார்த்திருக்கிறாள். ஆம்புலன்ஸ் வர நேரமாகும் என்றார்களாம். அவள் அலறலைக் கேட்டுக் கமால் பாய் கடையிலிருந்து ஓடி வந்தார். அவர் வேன் சரக்கு எடுக்க வெளியே போயிருந்தது. மற்றவர்கள் எல்லாரும் கார்களோடு வேலைக்குப் போய்விட்டார்கள். சந்திலேயே ஓடுகிற கார் இரண்டுதான். கேட்டுக்கு உள்ளே உன்னுடையது, வெளியே என்னுடையது.

உன் தங்கை என் காரைத் தோள் கொடுத்துத் தள்ளினாள். மனு கொடுக்கப் போக வந்து நின்ற அந்த நாலு அக்காமார்களும் தள்ளினார்கள். கல் மாதிரி நின்றது. கமால் பாய் கடைக் கதவை இழுக்கும் இரும்புக் கம்பியைக் கொண்டுவந்து கண்ணாடியை அடித்து நொறுக்கி, உள்ளே கை விட்டு, கியரை எடுத்து, பிரேக்கை இறக்கினார். சில்லு கிழித்து முழங்கை வரைக்கும் ரத்தம். என் காரைத் தள்ளிவிட்டு, உன்னை உன் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு அவர்தான் ஓட்டினார். ஜெலாப்பாங் சிக்னலைத் தாண்டுவதற்குள் நீ ஜெசிந்தா மடியில் போய்விட்டாய்.

எனக்கு ஒன்றும் தெரியாது. சாயங்காலம் வந்து இறங்கினேன், உடைந்த கண்ணாடிதான் கண்ணில் பட்டது. "எவன்டா என் காடி கண்ணாடிய ஒடச்சது?" என்று கத்தினேன். உன் கேட்டருகே நின்ற கமால் பாய், "நான்தான்" என்றார். அவர் வாயிலேயே குத்தினேன். இன்னொரு குத்துக்குக் கையை ஓங்கினேன். அவர் தடுக்கவே இல்லை. ரத்தத்தைத் துப்பிவிட்டு, "ஒங்க மச்சான் மௌத்தாயிட்டாரு சவரி" என்றார்.

சீக்கிரம் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பாயா என்று டாக்டரைக் கேட்டேன். "சொல்ல முடியாது" என்றார். அந்த ரெண்டு வார்த்தையைப் பிடித்துக்கொண்டுதான் எட்டு மாதம் ஓட்டினேன்.

அடக்கம் முடிந்த அன்று ஜெசிந்தா கேட்டாள். "ஏங்க பிரேக்கு போட்டீங்க?"

"மறந்துட்டேன். எங்கயும் எடமில்ல, அதான் அங்க வெச்சேன்."

நம்பிவிட்டாள், மச்சான். என் தலையைத் தடவிக்கொடுத்தாள். என்னை யாராவது ஜாடையாகப் பேசினால், "மனுசன் மறக்க மாட்டானா? அவர ஒண்ணும் சொல்லாதீங்க" என்று சண்டைக்குப் போகிறாள். காரைத் தள்ளிய தோள் அவளுக்கு இன்னும் வலிக்கிறது. நான்தான் தைலம் தேய்த்துவிடுகிறேன். தேய்க்கிற கையை வெட்டிப் போடலாமா என்றிருக்கும்.

நான் சொன்ன அந்த 'எடமில்ல'தான் இன்றைக்குக் கார் நிறுத்துமிடமாக வளர்ந்து நிற்கிறது. எங்கே இடமில்லை? சந்தே காலியாகக் கிடந்த நேரம் அது. கூட்டத்தில் கமால் பாய் மட்டும் கை தட்டவில்லை. மறுநாள் தேத்தண்ணியை என் முன்னால் வைத்துவிட்டு, "அந்தப் பிரேக்க ரெண்டு கையாலதான் எறக்க முடிஞ்சிச்சு சவரி" என்றார். 

வரி விஷயத்தில் நான் இன்னும் உன் கட்சி இல்லை. கடைசியில் அது கூலிக்காரன் கழுத்தில்தான் விழும் என்றுதான் இன்றும் நினைக்கிறேன். நீ இருந்தால் இதற்கும் பதில் வைத்திருப்பாய். நான் மறுபடி கத்துவேன். நன்றாகக் கத்திச் சண்டை போட்டிருக்கலாம், கையை மட்டும் நீட்டாமல். பஸ் விஷயத்தில் நீ சொன்னதுதான் சரி.

இந்தக் கடிதம் ஞாயிற்றுக்கிழமை பத்திரிகையில் வரும். அன்றைக்கே மண்டபத்தில் திடலைப் பற்றி முடிவெடுக்கும் கூட்டம். நான் எழுந்து நின்று, வேண்டுமென்றேதான் மறித்தேன், வேண்டுமென்றேதான் பிரேக்கை இழுத்தேன் என்று சொல்வேன். அடிக்க வந்தால் அடிக்கட்டும், கை தூக்க மாட்டேன். என் பொய்யின் மேல் உன் பெயரை எழுத விடமாட்டேன். இது சத்தியம், மச்சான்.

ஆனால் பத்திரிகை வருவதற்கு முன்னால் உன் தங்கை இதை என் வாயால் கேட்க வேண்டும். பின்கட்டில் துணி காயப்போடுகிறாள். இப்போதுதான் கூப்பிட்டேன். "இருங்க லா, கை ஈரமா இருக்கு" என்றாள். இதோ, துடைத்துக்கொண்டு வருகிறாள்.

இந்த நிமிடம் வரைக்கும்
உன் தங்கை புருஷன்,
சவரி