லீவ் பண்ணுடி என்றேன்

நேற்று அஸ்தினாபுரத்தில் பெயின்ட் வாங்கப் போனேன். கடைக்காரர் ஆளிவிதை எண்ணெய் டின்னைத் திறந்தார். அவ்வளவுதான், லேப் பால்கனியில் உட்கார்ந்து நீ கிரிக்கெட் பேட்டுக்கு எண்ணெய் தடவுகிற வாசனை வந்து மூக்கில் நின்றது. நீ போய் நாற்பது நாள் ஆகிறது. என்ன கலர் என்று அவர் இரண்டு முறை கேட்ட பிறகு, ஒன்றும் வாங்காமலே திரும்பி வந்தேன்.

உப்பு மண்ணில் நெல் விளைய வைக்கிற ஆராய்ச்சி நமக்கு. தாம்பரம் மைதானத்தில் பயிற்சி முடித்து, ஈரத் தலையோடு ஓடி வந்து நாற்றுகளை அளப்பாய். நீ இந்தியாவுக்கு ஆடியவள் என்பது லேபில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களும், பொம்பளைகளுக்குக்கூட டீம் இருக்கிறதா என்பார்கள். மத்தியானம் கட்டடத்துக்குப் பின்னால் நான் உனக்குப் பந்து போடுவேன். நான் போடுவதில் பாதி காம்பவுண்டு சுவரைப் பார்த்துத்தான் போகும். பேட்டைத் தூக்கிக்கொண்டு, பந்தை அடிக்காமல் அப்படியே போகவிட்டு, "லீவ்" என்று நீயே சொல்லிக்கொள்வாய். பந்தை லீவ் பண்ணத் தெரிந்தவளுக்கு ஆபீசில் லீவ் கிடைப்பதில்லை என்று சிரிப்போம்.

பிறகு அந்த வெளிநாட்டு டூர் வந்தது. ஆறு வாரம். அதே ஆறு வாரம்தான் நாற்றுகளுக்கும். தினமும் காலை ஆறு மணிக்கு அளக்க வேண்டும். ஒரு நாள் தவறினாலும் இரண்டு வருஷ உழைப்பு பாழ். வேறு யாராவது பொறுப்பெடுத்தால் நீ போகலாம் என்றார் டைரக்டர். வேறு யாராவது என்றால் நான்தான். என் மகளுக்கு அப்போது மூன்று மாதம். பால் குடிக்கிற பிள்ளையை விட்டுவிட்டு விடியற்காலையில் குன்றத்தூரிலிருந்து என்னால் வர முடியாதென்று நேராகச் சொல்லியிருக்கலாம். சொன்னேனா?

கேன்டீனில் டீ டம்ளரை உருட்டிக்கொண்டே, "நான் என்னடி பண்ணட்டும்?" என்று கேட்டாய்.

"லீவ் பண்ணுடி. அடுத்த பந்து வராமலா போயிடும்?" என்றேன்.

உன் பாஷையிலேயே பேசி, என் வசதியை உனக்குப் புத்திமதியாக விற்ற கெட்டிக்காரி நான். நீ தலையாட்டினாய். அடுத்த வருஷம் உன் முழங்கால் போனது. அதோடு ஆட்டமும் போனது. உன் நெல் மட்டும் கேளம்பாக்கம் பக்கத்து உப்பு நிலத்தில் கதிர் விட்டது, பேரும் வந்தது. ஒவ்வொரு பாராட்டுக் கூட்டத்திலும் என்னை முதல் வரிசையில் உட்காரவைத்தாய். எழுந்து ஓடவும் முடியாமல் கை தட்டிக்கொண்டிருந்தேன்.

கடைசியாக உன்னைப் பார்க்க நான் ஆஸ்பத்திரிக்கு வந்தது எல்லாவற்றையும் கொட்டிவிடத்தான். பாதி சொல்வதற்குள் என் கையைப் பிடித்துக்கொண்டாய்.

"அப்பவே தெரியும்டி. கேன்டீன்ல நீ பேசறப்போ உன் பிளவுஸ் பாலில நனைஞ்சிருந்துது. அதைப் பார்த்துட்டு நான் எப்படிடி கிளம்புவேன்?"

நீ திட்டியிருந்தால் அழுது தீர்த்துவிட்டு வீட்டுக்கு வந்திருப்பேன். இப்போது மன்னிப்புக் கேட்கவும் வழியில்லை, நன்றி சொல்லவும் ஆளில்லை. என் மகளுக்கு இருபத்தாறு வயதாகிறது. அவள் சிரிக்கும்போதெல்லாம், நீ போகாத அந்த ஆறு வாரம்தான் என் கண்ணில் தெரிகிறது.