நாலாம் நம்பர் மீட்டர்

2.7.1979, திங்கள்
முத்தையாபுரம் பஸ்ஸில் நின்றே வந்தேன். உர ஆலைக்குள் போனால் கம்ப்யூட்டர் இன்னும் எழுந்திருக்கவில்லை. தினமும் காலையில் அதை எழுப்புவது, துளை போட்ட ஒரு காகித டேப். அதிலுள்ள கட்டளைகள் வரிசையாக ஓடும். நடுவில் எது கெட்டாலும் நிற்காமல் அடுத்ததற்குப் போய்விடும். இதைத் தூக்கிவிட்டு போர்ட்ரான் மொழியில் புது புரோகிராம் எழுதப்போகிறேன். ஒவ்வொரு மீட்டரையும் கேட்டு, பதில் வந்தால்தான் மேலே போகும்.

ஆபரேட்டர் செபாஸ்டின் அண்ணாச்சிக்குச் சிரிப்பு. "ஏளா பிளாரன்ஸ், மூணு வருசமா ஓடுத டேப்பு. அதுகிட்ட என்னத்துக்கு மல்லுக்கட்டுத?"

மூன்று வருடமாக ஓடுவதுதான் என் வயிற்றெரிச்சலே.

10.7.79
உப்புக்காற்றில் நமுத்து இன்றும் டேப் கிழிந்தது. மறுபடி துளை போட்டேன். விரல் வலிக்கிறது.

19.7.79, வியாழன்
என் புரோகிராமின் முதல் ஓட்டம். மூன்று மீட்டர் பதில் சொன்னது. நாலாவதில் நின்றுவிட்டது — அம்மோனியா தொட்டியின் அழுத்தம் காட்டும் மீட்டர். அண்ணாச்சி பழைய டேப்பைப் போட்டார். அது சமர்த்தாக எழுந்து, நாலாவது மீட்டருக்கும் ஒரு எண்ணை அச்சடித்தது!

20.7.79
மானேஜர் கூப்பிட்டார். "பழசு தினமும் எழும்புது. உங்களோடது நிக்குது. தப்பு யார்கிட்டன்னு சின்னப்பிள்ளைக்கும் தெரியும்." திங்கட்கிழமைக்குள் ஓடாவிட்டால் எனக்குத் திரும்பவும் டைப்பிங் செக்‌ஷன். ஐந்து வருடம் கடிதம் அடித்துவிட்டு இந்த அறைக்கு வந்தவள் நான். அம்மாவிடம் சொல்லவில்லை.

21.7.79
எல்லா வரியையும் பார்த்துவிட்டேன். எங்கே என் தப்பு? அந்த மீட்டரைப் போய்ப் பாருங்கள் என்று பத்துத் தடவை சொல்லியாச்சு, ஒருத்தன் கேக்கல. எக்கேடும் கெட்டுப் போங்க!

23.7.79, திங்கள்
கான்டீனில் கிருபை அக்கா உளுந்துவடையைத் தாளில் வைத்து நீட்டினாள். எண்ணெய்க்கு அடியில் எங்கள் கம்ப்யூட்டரின் எழுத்து. 'மீட்டர் ஃபோர், நோ ரிப்ளை.' தேதி மே 14.

"அக்கா, இது ஏது?"

"செபாஸ்டின் அண்ணாச்சி தெனமும் காலைல கிழிச்சுத் தாராவ. வேஸ்ட்டுத் தாளுதான?"

கம்ப்யூட்டர் எழும்போது முதலில் அச்சாகி வரும் தாளில் வெறும் கட்டளைதான் இருக்கும் என்று யாரும் படிப்பதில்லை. நானும்தான். அதில் எத்தனை வடை தின்றிருக்கிறேன்! பழைய டேப்பும் பத்து வாரமாகச் சொல்லித்தான் இருக்கிறது. சொல்லிவிட்டு, கடைசியாகக் கிடைத்த எண்ணையே தினமும் அடித்திருக்கிறது. அதை நம்பித்தான் தொட்டியடியில் பன்னிரண்டு பேர் வேலை பார்க்கிறார்கள்.

தாளோடு மானேஜர் அறைக்கு ஓடினேன். "மேசைல எண்ணெய் படாம பிடிங்க" என்றார்.

24.7.79
நாலாம் மீட்டரின் ஒயர் உப்பில் அரித்து அறுந்து கிடந்தது. மாற்றியதும் முள் சிவப்புக் கோட்டை ஒட்டி நின்றது. பன்னிரண்டு பேரையும் வெளியேற்றிவிட்டுத்தான் அழுத்தத்தைக் குறைத்தார்கள். என் புரோகிராமை மறுபடி ஓட்டினேன்; நாலும் பதில் சொன்னது.

6.8.79, திங்கள்
மாதா திருவிழா முடிந்து வேலைக்குப் போனேன். அண்ணாச்சி என் புரோகிராமைப் போட்டு எழுப்பியிருந்தார். முதல் தாளைக் கிழிக்காமல், ஒவ்வொரு மீட்டருக்கு நேரேயும் பென்சிலால் டிக் அடித்திருந்தார்.

கான்டீனில் வடை வாழையிலைத் துண்டில் வந்தது. கிருபை அக்கா முறைத்தாள். "ஏளா, தாளு வரத்த நிப்பாட்டிட்டியே!"