படிக்கட்டில் நின்ற ஊசிவால் வாத்து

அன்புள்ள வாலுவுக்கு,

அப்பா எழுதுகிறேன். இங்கே நானும் நலம், தையல் மெஷினும் நலம், எங்கள் இரண்டு பேருக்கும் மூட்டில் எண்ணெய் போட்டால்தான் வண்டி ஓடுகிறது. நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்குகிறாய் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை போனில் கேட்டாயே, ஆபீசில் இன்னும் ஐந்து வருஷம் அங்கேயே இருக்கச் சொல்றாங்க, நீங்க என்னப்பா சொல்றீங்க என்று. கடைக்கு ஆள் வந்திருக்கு, அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமை கடைக்கு எவன் வருவான், உனக்கும் புரிந்திருக்கும். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்த பிறகும் கை வேறு எங்கோ போகிறது, பொறுத்துக்கொள்.

குளிர் விட்டுவிட்டது. தகைவிலான் குருவிகளும் பயணம் கிளம்பக் கூடி கரண்ட் கம்பியில் வரிசையாக உட்கார்ந்திருக்கின்றன. குளிர்காலம் முழுக்க உட்கார்ந்து சாப்பிட்ட ஜனங்கள் இடுப்பைப் பிரித்து விடச் சொல்லி பேண்ட்டைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள், துணி சுருங்கிடுச்சுங்க என்று ஒருவர் விடாமல் சொல்கிறார்கள், நானும் ஆமாம் சுருங்கிடுச்சு என்கிறேன். குளிருக்கு வந்திருந்த வாத்துகள் வடக்கே கிளம்பிவிட்டன. முதலில் சின்னக் கிளுவை வாத்துகள் போயின, பிறகு ஊசிவால் வாத்துகள் ஒரு சாயங்காலம் மொத்தமாக எழும்பி, ஏரியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போய்விட்டன. இப்போது தண்ணீரில் உள்ளூர் நாமக்கோழிகள் மட்டும்தான், அவை எங்கும் போகாது, என்னைப் போல.

ஆனால் ஒரு ஊசிவால் மட்டும் அவற்றோடு போகவில்லை. அதற்குக் காரணம் உன் அப்பாதான். கடைக்குப் பின்னால் படிக்கட்டு ஏரியில் இறங்குகிறதே, குளிர் தொடங்கியதிலிருந்து அந்த வாத்து கடைசிப் படியில் வந்து நிற்கும். பார்த்தேன், ஒரு தோள் இறங்கியிருந்தது. ஆயிரம் பேருக்குக் கோட்டுத் தைத்த கண்ணாயிற்றே, இறக்கையில் அடிபட்டிருக்கிறது, பாவம், இரை தேட முடியாது என்று நானே முடிவு கட்டி, தினமும் காலையில் அரிசி நொய் போட ஆரம்பித்தேன். அதுவும் நன்றாகப் பழகிவிட்டது. நான் ஷட்டரைத் தூக்கும் சத்தம் கேட்டால் மேலே ஏறி வந்துவிடும். நானும் அதனிடம் ஒன்றிரண்டு வார்த்தை பேசுவேன், சிரிக்காதே, நீ போன் வைத்த பிறகு அடுத்த ஞாயிறு வரை நான் யாரிடம் பேசுவேன். வருகிறவர்களிடம் இடுப்பளவையும் கையளவையும்தானே பேசலாம்.

கீழ்வீட்டுப் பல் டாக்டர், எப்போதும் கழுத்தில் பைனாகுலரோடு திரிவதால் தெருவில் அவருக்கு பைனாகுலர் என்றே பெயர், அவர்தான் ஒருநாள் வந்து நின்று பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். தோளும் இறங்கல ஒண்ணும் இறங்கல, அது ஒத்தக்கால்ல நிக்குது சார், ஒத்தக்கால்ல நின்னா யாருக்குத்தான் தோள் சரியாது என்றார். வாத்து ஓய்வெடுப்பதே அப்படித்தானாம். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, நீங்க தீனி போடற வரைக்கும் அது கிளம்பாது, வெயில் ஏறிட்டா இந்தத் தண்ணியில அது தாங்காது, நிறுத்திடுங்க என்றார்.

நிறுத்தினேன். சொல்வது சுலபம். காலையில் அது வழக்கம்போல மேல்படி வரை வந்து கதவைப் பார்த்துக்கொண்டு நிற்கும். நான் ஷட்டரைப் பாதி மட்டும் தூக்கி, உள்ளே லைட்டைப் போட்டுக்கொண்டு, தலையைக் குனிந்து தைப்பேன். பின்பக்க ஜன்னலுக்கு ஒரு துணியைக் கட்டிவிட்டேன், அது என்னைப் பார்க்கக் கூடாது என்பதற்காக இல்லை, நான் அதைப் பார்க்கக் கூடாது என்பதற்காக. நொய் டப்பாவை எடுத்து எடுத்து வைத்தேன். ஒரு காலை அது வரவில்லை. பைனாகுலர் ஓடி வந்து, வாழ்த்துகள் சார், போயிடுச்சு என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். எனக்கு அவர் மேல் கோபம்தான் வந்தது. அன்றைக்கு ஒருவருடைய பேண்ட்டை இரண்டு விரற்கடை குட்டையாகத் தைத்து, புதுத் துணி வாங்கிக் கொடுத்தேன்.

வாத்தை உன்னோடு ஒப்பிடுகிறேன் என்று நினைத்துக் கண்ணைக் கசக்காதே, அது கொடுத்ததைத் தின்றது, நீ சின்ன வயதில் தட்டைத் தள்ளிவிட்டு ஓடுவாய். உனக்கு ஒரு கோட்டுத் தைக்கப் போகிறேன், அளவு அனுப்பு, வயிற்றை எக்கிக்கொண்டு எடுக்காதே, எனக்குத் தெரிந்துவிடும். ராத்திரியில் தனியாக நடந்து வராதே. பல் வலியைத் தள்ளிப் போடாதே.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். அங்கேயே இருக்கிறேன் என்று ஆபீசில் சொல்லிவிடு. மனதார வாழ்த்தி அனுப்புகிறேன் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், அவ்வளவு பெரிய மனுஷன் நான் இல்லை. எனக்கு இது பிடிக்கவில்லை, நீ பக்கத்தில் இருக்க வேண்டும், தினமும் வேண்டும். அது என் ஆசை, உன் கடன் இல்லை. இரண்டையும் தெரிந்துகொண்டே கையெழுத்துப் போடு. போட்டதும் போன் பண்ணு. இந்தத் தடவை கடையில் ஆள் இருந்தாலும் எடுக்கிறேன்.

எல்லா நலமும் உன்னைத் தேடி வரட்டும்.

உன் அப்பா